என்னையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்து அண்டை வீட்டார்க்கும், குடிமைத் தற்காப்புப் படை நண்பர்களுக்கும், நியூ ஜெர்சியிலிருந்து என்னை வழியனுப்பியவர்களுக்கும் அன்பு வணக்கம்.

மனைவிக்கு வேலை கிடைத்து நாங்கள் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தபோது வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் எப்படியும் அமைந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. எனக்கு இருந்த கவலை வேறு. இனி எந்தத் தீயணைப்புக் குழுவில் சேர்வது?

அமெரிக்காவில் சிற்றூர்களில்கூடத் தொண்டூழியத் தீயணைப்புக் குழுக்கள் உண்டு. 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அப்படியொரு குழுவைத் தொடங்கினார். இன்றும் அந்நாட்டுத் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தொண்டூழியர்களே. பேஜர் ஒலித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, கொக்கியில் தொங்கும் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு வண்டி ஏறுவோம். நான் முடித்த பயிற்சிகளையெல்லாம் தேதிவாரியாக எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த குழுத் தலைவர், "எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தீயணைப்பு நிலையத்தின் கதவைத் தட்டு" என்று சொல்லி அனுப்பினார். ஐயா, முதல் நன்றி உங்களுக்கு.

அப்படி நான் போய் நின்றது ஈசூன் தீயணைப்பு நிலையத்தில். அது பொதுமக்களைச் சுற்றிக்காட்டும் சனிக்கிழமைக் காலை. சிறுவர்கள் தலைக்கவசம் போட்டுப் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்த நேரத்திலும், பணியில் இருந்த அதிகாரி என் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். இங்கே பேட்டைக்கொரு தனிக்குழு கிடையாது. தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் 1989-இல் ஒன்றாகிவிட்டன. தீக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரே எண், 995 என்று விளக்கினார். சீருடையணிந்து முழுநேர வீரர்களோடு பணியாற்றும் துணைப்படைத் தொண்டூழியர்களைப் பற்றியும் சொன்னார். என் குடிநுழைவு நிலையையும் வேலை நேரத்தையும் கேட்டறிந்த பிறகு, "சார், அதற்குக் காலம் வரும். உங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இன்றைக்கே தொடங்கலாமே" என்று என் கைப்பேசியில் மைரெஸ்பாண்டர் செயலியை இறக்கிக் கொடுத்தார். பக்கத்தில் யாருக்காவது மாரடைப்பால் இதயத்துடிப்பு நின்றாலோ சிறு தீ பிடித்தாலோ, அருகில் இருக்கும் தொண்டூழியர்களுக்கு அது செய்தி அனுப்பும். அந்த அதிகாரியின் பொறுமைக்கு நான் கடமைப்பட்டவன்.

அடுத்த நன்றி எங்கள் மாடியில் வசிக்கும் அக்காவுக்கு. பணி ஓய்வு பெற்ற தாதி அவர். விஷயத்தைக் கேட்டதும், "தம்பி, வசிப்போர் குழுவில் சிபிஆர் வகுப்பு நடக்கிறது, வாருங்கள்" என்று, இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் அந்தப் பயிற்சிக்குக் கையோடு அழைத்துப்போனார். அங்கே பயிற்சி தந்த மலாய் ஆசிரியர் நான் பொம்மையின் மார்பை அழுத்துவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் தம் உள்ளங்கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதும் எழ எவ்வளவு இடம்விட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கையின் கனத்திலேயே தெரிந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று அமெரிக்காவிலும் கற்றிருந்தேன். ஆனால் என் கை பழகியது அன்றைக்குத்தான். வகுப்பு முடிந்ததும் அக்கா என்னை விடவில்லை. சுற்றியுள்ள புளோக்குகளில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி எந்த மின்தூக்கிக்கு அருகே இருக்கிறது, எந்தத் தாழ்வாரத்தில் ஆம்புலன்ஸ் தள்ளுவண்டி நுழையச் சிரமம் என்று நடந்தே காட்டினார்.

அந்த வகுப்பில்தான் ஏழாம் மாடிச் சீன அங்கிளைச் சந்தித்தேன். அவர் சிறுவனாக இருந்தது புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில், அதாவது அந்தக்காலக் குடிசைக் குடியிருப்பில். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். அத்தாப்பு ஓலைக் குடிசைகள் நெருக்கியடித்த அந்தக் கம்பத்தில் பிடித்த தீ 4 உயிர்களைக் குடித்து, ஏறத்தாழ 16,000 பேரை வீதிக்கு அனுப்பியது. அவருடைய அம்மா தையல் இயந்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினாராம். முகம் தெரியாத ஒருவர் மறுபக்கத்தைப் பிடித்துச் சாலை வரைக்கும் சுமந்து வந்து வைத்துவிட்டு, மறுபடியும் புகைக்குள் ஓடிவிட்டாராம். "அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை" என்றார் அங்கிள். பாதுகாப்பு பற்றிய எந்தப் பாடமும் என்னை இவ்வளவு ஆழமாகத் தொட்டதில்லை. அங்கிள், அதை என்னிடம் சொன்னதற்கு நன்றி.

சீனர்கள் காகிதங்களை எரித்து முன்னோரை வழிபடும் ஏழாம் மாதத்தில் ஓர் இரவு செயலி ஒலித்தது. பக்கத்துப் புளோக்கின் கீழே பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி எரிந்துகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் தொட்டியின் மூடி உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. அங்கிளும் வந்துவிட்டார், கையில் வீட்டிலிருந்த தீயணைப்பானுடன். நான் பின்னை இழுத்துத் தீயின் அடியை நோக்கிப் பொடியைப் பீய்ச்ச, அவர் வேடிக்கை பார்த்த பிள்ளைகளைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்தினார். கீழ்வீட்டு அம்மா ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் ரெட் ரைனோ என்ற சிறிய தீயணைப்பு வண்டியில் வந்த வீரர்கள் சாம்பலைக் கிளறிக் கிளறி, உள்ளே கனன்றுகொண்டிருந்த காகிதங்களை நனைத்தனர். அந்த அக்கறையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும்போது அவர்களில் இளையவர், கட்டாயத் தேசிய சேவை செய்யும் தம்பி, எங்கள் மூவருக்கும் நன்றி சொன்னார். தம்பி, அந்த நன்றி உங்களுக்கே உரியது.

சாப்பாட்டு வேளையிலும் நள்ளிரவிலும் நான் எழுந்து ஓடுவதை இரண்டு நாடுகளிலும் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்ட என் மனைவிக்கு என்ன எழுதினாலும் போதாது. கதவருகே என் காலணியையும் டார்ச் விளக்கையும் எடுத்து வைப்பவள் அவள்.

அடுத்த சிபிஆர் வகுப்புக்கு நானும் உதவியாளனாக வருகிறேன். அக்கா, கற்றுக்கொள்ள விரும்புவதாக நீங்கள் சொன்ன அந்தப் பணிப்பெண்கள் இருவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்; அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் புளோக் தொண்டூழியன்,
ஈசூன்