எந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?

பொதுச் சுகாதாரத்துக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எச்.ஐ.வி வராமல் தடுக்கும் ‘ப்ரெப்’ மருந்து பற்றிய கோப்பு மேசைக்கு வந்தாலே, “நோயே இல்லாதவருக்கு எதற்கு மருந்துச் செலவு?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான். பொதுப்பணத்தைக் கையாளுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பதில் தேடும் விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்த மருந்தைப் பரிந்துரைத்தபோது, ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 3 பேருக்குத் தொற்று வரக்கூடிய குழுக்களை மனதில் வைத்தது. மருந்து முழுப் பலன் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தொற்றைத் தடுக்க ஏறக்குறைய 33 பேருக்கு ஓராண்டு மருந்து தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் ப்ரெப் மருந்தான லெனாகாபவிர் 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அறிவித்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர். பெருக்கிப் பாருங்கள், ஒரு தொற்றைத் தடுக்க 9 லட்சம் டாலரைத் தாண்டும். சில மாதங்களிலேயே இன்னொரு அறிவிப்பு வந்தது: 2027 முதல் இதே மருந்து, மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் மலிவான ஜெனரிக்காக, 120 நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலரில். இப்போது அதே தொற்றைத் தடுக்க மருந்துக்கு ஆவது 1,300 டாலர் சொச்சம். மருந்து மாறவில்லை, விலைச்சீட்டுதான் மாறியது. ‘கட்டுப்படியாகாது’ என்று குறிப்பெழுதுவோர் இதில் எந்த விலையைச் சொல்கிறார்கள்?

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டனின் ‘ப்ரௌட்’ ஆய்வில் 13 பேருக்கு ஓராண்டு கொடுத்தாலே ஒரு தொற்று தடுக்கப்பட்டது. அங்கே சேர்ந்த ஆண்களுக்கு ஆபத்து அவ்வளவு அதிகம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய இடத்தில் ஆயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் அள்ளிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்காக, வருகிறவரை நிற்க வைத்து அந்தரங்கத்தைக் குடைந்து கேட்டால், உண்மையில் ஆபத்தில் இருப்பவர்தான் முதலில் திரும்பிப் போவார்.

இன்னொன்று, மருந்தை வாங்குவது வேறு, விழுங்குவது வேறு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே பெண்களிடம் நடந்த ‘வாய்ஸ்’ ஆய்வில் தினசரி ப்ரெப் மாத்திரை பலன் தரவில்லை. மாத்திரை பெற்றவர்களின் ரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்தே தென்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் லெனாகாபவிர் ஊசி போடப்பட்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. விலை கூடிய ஊசி, சாப்பிடாத மலிவு மாத்திரையைவிடச் சிக்கனமாக முடியலாம். மருந்தின் விலை இறங்கிவிட்டால் பரிசோதனையும் மருத்துவமனை நடையும்தான் பெரிய செலவு. அங்கே குறைக்க இடமிருக்கிறது: 30 வயதுக்குட்பட்ட, வேறு நோய் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனமே தளர்த்திவிட்டது.

அப்புறம் கால அளவு. தடுப்பு மருந்து ஆபத்து இருக்கும் காலத்துக்கு மட்டும். தொற்று வந்துவிட்டால், எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி சிகிச்சை ஆயுள் முழுக்க. ஓராண்டு பட்ஜெட்டில் தடுப்பு மருந்துச் செலவு தெரியும், அதனால் மிச்சமாகும் சிகிச்சைப் பணமோ உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் ஏட்டில்தான் ஏறும்.

எனவே ஜெனரிக் விலையையும் குறைந்தது இருபதாண்டுக் காலத்தையும் வைத்து மதிப்பீட்டை மறுபடி செய்யுங்கள். அப்படியும் மறுப்பதானால் சரி, எந்த விலை, எத்தனை ஆண்டு, எந்தக் குழு என்பதையாவது ஆணையோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒருவர்