மைலோ ஏறும் படகு

பத்து மாவுங், பினாங்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் உன் நாய் மைலோவும் நலமாக இருக்கத் தண்ணீர்மலையானை வேண்டிக்கொள்கிறோம்.

மைலோவோடு ஏரியில் தனியாகப் போக எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படகுப் படங்களையும் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். ஃபோனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மனதில் நினைத்ததைத்தான் வாங்குவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் படகுப் பட்டறையில் ரெசின் நாற்றத்தோடு கிடந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதல் படம், அந்த 17 அடி கெவ்லார் கேனோ, லேசான செயற்கை நூலில் செய்த திறந்த துடுப்புப் படகு. எடை 20 கிலோவுக்குள் என்று எழுதியிருக்கிறது, நம்பலாம். நம் வீட்டு 10 கிலோ அரிசிப் பை இரண்டு, அவ்வளவுதான். உன் கண் அதன்மேல்தான் என்று எனக்குத் தெரியும். 2019-இல் நாங்கள் கனடாவுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் என்னை நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனது அதே ஜாதிப் படகில்தான். அம்மா வரமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்ததும் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகப் பிடித்து, கல்யாணப் பந்தியில் இலைக்கட்டைத் தூக்குவதுபோல் காரின்மேல் வைத்தீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அது இரண்டு பேர் துடுப்புப் போடுவதற்குச் செய்த படகு. பின்னால் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் முன்பக்கம் தண்ணீரை விட்டு எழும்பிவிடும். காற்று அந்த மூக்கைப் பிடித்து வேண்டிய பக்கம் திருப்பிவிடும், நீ என்ன துடுப்புப் போட்டாலும் படகு காற்றின் பேச்சைத்தான் கேட்கும். மைலோ முன்னால் உட்கார்ந்தால் சமமாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். 26 கிலோ பாரம் முன்னால் இருந்தால் சமமாகும்தான். ஆனால் அரிசிப் பை வாத்தைப் பார்த்து எழுந்து நிற்காது. அந்தப் படகு வேண்டாம் மா.

இரண்டாவது, 11 அடிக் குட்டிக் கேனோ. 9 கிலோ! பசாருக்குக் கூடை கொண்டுபோவதுபோல் ஒரு கையில் கொண்டுபோகலாம். அமெரிக்காவில் 1880-களில் ரஷ்டன் என்கிற படகுக்காரர், சியர்ஸ் என்கிற நோஞ்சான் மனிதருக்காக 5 கிலோகூட இல்லாத ஒரு மரக் கேனோ செய்து கொடுத்தார், அந்த மனிதர் அதில் நூற்றுக்கணக்கான மைல் போனார் என்று படித்திருக்கிறேன். அந்த வம்சத்துப் படகுதான் இது. தரையோடு தரையாக உட்கார்ந்து, கயாக் மாதிரி இரண்டு முனையிலும் தட்டு வைத்த இரட்டைத் துடுப்புப் போடவேண்டும். தனி ஆளுக்கு அழகு. ஆனால் உன் நாயின் எடை படகின் எடையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவன் ஒருமுறை திரும்பிப் படுத்தாலே நீ இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளவேண்டும். போதாததற்கு இரட்டைத் துடுப்பில் வழியும் தண்ணீரெல்லாம் அவன் தலையில் சொட்டும். பொமரேனியன் வளர்ப்பவர்களுக்கு இது சரி.

மூன்றாவது, பிளாஸ்டிக் கயாக், 12 அடி, 25 கிலோ. பத்து பெரிங்கி கடற்கரையில் வாடகைக்கு விடுகிறார்களே, மேலே உட்காரும் ரகம், அந்தச் சாமான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கட்டுமரம் ஞாபகம் வரும். உள்ளே குழி கிடையாது, அலை மேலே ஏறி இறங்கும், ஓட்டை வழியாக வடியும், மூழ்காது. நாய் உட்காரப் பின்பக்கம் பள்ளமும் இருக்கிறது, கவிழ்ந்தாலும் மறுபடி ஏறுவது சுலபம். நம் கடலுக்கு இதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். உங்கள் ஊரில் அதில் உட்கார்ந்தால் இடுப்பு முழுக்க ஈரம், ஈரம் என்றால் குளிர். அதோடு 25 கிலோவைத் தனியாகக் கார் கூரைக்கு ஏற்றவேண்டும். ஒருநாள் ஏற்றுவாய். நான்காவது வாரம் "இன்றைக்கு வேண்டாம், கால்நடையாகவே போகலாம்" என்று மைலோவிடம் சொல்வாய். அதன்பின் அது கராஜில் சைக்கிள் தொங்கவிடுகிற மேடை.

இப்போது நான் சொல்வதைத் தேடு. 14 அடியிலிருந்து 15½ அடி வரை, அகலம் 34, 35 அங்குலம், எடை 16, 17 கிலோவுக்கு மேல் போகாத கெவ்லார் கேனோ. உட்காரும் பலகை நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் ஒன்றே ஒன்று இருக்கவேண்டும். நாய் உன் முழங்காலுக்கு முன்னால், உன் கை எட்டும் தூரத்தில் படுக்கவேண்டும். அப்படிக் கிடைக்காவிட்டால் இரண்டு முனையும் ஒரே அச்சில் செய்த 15 அடி இரட்டை இருக்கைப் படகு பார். முன் பலகையில் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கத்தையே முன்பக்கமாக ஓட்டலாம். அந்தப் பலகை நடுவுக்குக் கிட்ட இருப்பதால் மூக்கு அவ்வளவு எழும்பாது.

படகின் அடியைக் குனிந்து பார். முழுத் தட்டையாக இருந்தால் ஏறும்போது மேசைபோல் நிற்கும், அலை பக்கவாட்டில் வந்தால் அலையோடு சாய்ந்து கொட்டிவிடும். லேசாக வளைந்த அடி முதலில் ஆடிப் பயமுறுத்தும், ஓரளவு சாய்ந்தபின் தோள் கொடுத்துத் தாங்கும். நாயோடு போகிறவளுக்கு இரண்டுக்கும் நடுவில், மிதமான வளைவு. பயமாக இருந்தால் பலகையை விட்டு இறங்கி முழங்காலிடு. அதைவிட நல்ல வைத்தியம் எந்தப் படகுக்காரனும் கண்டுபிடிக்கவில்லை.

தூக்கும் விஷயம். நடுவில் குறுக்காக ஒரு வளைந்த கட்டை இருக்கும், யோக் என்கிறீர்கள். நுகத்தடிதான், மாட்டுக்குப் பதில் உன் கழுத்து. படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றினால் 17 கிலோ சரிபாதியாக உட்கார்ந்துகொள்ளும், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் காட்டுப்பாதையில் அரை மணி நேரம் நடக்கலாம். ஒற்றை இருக்கைப் படகில் ஒரு தொந்தரவு உண்டு. நுகத்தடி இருக்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே பலகை வந்துவிடும். கழற்றி மாட்டுகிற நுகத்தடி தனியாக விற்கும், கேட்டு வாங்கு. வாங்குவதற்கு முன் அங்கேயே, யார் உதவியும் இல்லாமல், தரையிலிருந்து தோளுக்கு ஏற்றி இறக்கிப் பார். மூன்று தடவை. முதல் தடவை ஆசை தூக்கும். மூன்றாவது தடவைதான் நீ தூக்குவாய். பக்கத்தில் நிற்கிறவர் கைகொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்.

பழைய படகாக இருந்தால் கட்டாயம் நீயே நேரில் போய்ப் பார். கெவ்லார் டுப்பான் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் என்கிற பெண்மணி 1965-இல் கண்டுபிடித்த நூல், குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுவது. ஒருமுறை பந்தயப் பாய்மரப் படகு ஒன்று பட்டறைக்கு வந்தபோது முதல்முதலாக அதில் கை வைத்தேன். கத்தரிக்கோல் வெட்டவில்லை. உப்புத்தாள் போட்டால் கண்ணாடி ஃபைபர் மாதிரித் தூளாகப் போகாமல் தேங்காய் நார்போல் பிசிறு பிசிறாகக் கிளம்பியது. முதலாளி தவுக்கே என்னைத் திட்டி முடிக்க அரை நாள் ஆனது. அதனால் அடியில், முக்கியமாக இரண்டு முனையிலும், மஞ்சளாகப் பிசிறு தெரிகிறதா என்று பார். தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்து நூலே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்காக வேண்டாம் என்று சொல்லவேண்டாம். அதன்மேல் மெல்லிய ஃபைபர் துணி ஒட்டிவிடலாம், விலையைக் குறைத்துக் கேள்.

பையிலிருந்து ஒரு காசை எடுத்து அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ. 'டக் டக்' என்று ஒரே சத்தமாக வரவேண்டும். எங்காவது 'தப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. அதை எடுக்காதே. நாங்கள் பட்டறையில் இந்தக் காசை வைத்துத்தான் கோடீஸ்வரர்களின் படகுகளுக்கெல்லாம் ஜாதகம் பார்த்தோம்.

ராயலெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் அடுக்கில் செய்த படகு ஒன்று வரும். அது 2014-ஓடு நின்றுபோன பொருள், பழசுதான் கிடைக்கும். பாறையில் இடித்தாலும் நெளிந்து பழையபடி வரும், நாய் நகம் ஒன்றும் செய்யாது. கனம்தான் கூட. ஆறும் பாறையும் என்றால் அதை எடு என்பேன். நீ போவது ஏரி.

மைலோ நிற்கிற இடத்தில் பழைய யோகா பாய் ஒன்றை வெட்டிப் போடு. வழுக்குகிற தரையில் நாய் நிற்காது, நிற்க முடியாத நாய் குதிக்கும். முதல் இரண்டு வாரம் தண்ணீர்ப் பக்கமே போகாதே. படகைப் புல்லில் வைத்து, அவனை ஏற்றி, உட்காரவைத்து, அங்கேயே சோறு போடு. வீடியோவில் நான் "உக்காரு" என்றதும் உட்கார்கிறானே, அந்த ஒரு சொல்லுக்கு அவன் படகிலும் கட்டுப்படவேண்டும். முதுகில் கைப்பிடி வைத்த நாய் லைஃப் ஜாக்கெட் வாங்கு. தண்ணீரில் விழுந்த 26 கிலோவை அந்தப் பிடி இல்லாமல் நீ மேலே இழுக்கமுடியாது. பச்சையாகப் பாசி படர்ந்த ஏரியில் அவனைக் குடிக்கவோ நீந்தவோ விடாதே. அந்த நீலப்பச்சைப் பாசியில் விஷம் உண்டு, நாய்கள் செத்துப்போகின்றன.

எதை மறந்தாலும் இதை மறக்காதே. அவனைப் படகோடு கட்டாதே. பூங்காவில் கயிறு போடச் சட்டம் இருக்கிறது என்றாய், அது கரைக்கு. துடுப்பை எடுத்ததும் கயிற்றைக் கழற்றிவிடு.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நம் நாய் கறுப்பன் திடீரென்று சம்பான் படகில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தானே, நினைவிருக்கிறதா? அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெரஜாக் தீவுப் பக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். குதிப்பான் என்று பயந்து நைலான் கயிற்றால் குறுக்குக் கட்டையில் கட்டிவைத்தேன், கெட்டிக்காரத்தனமாக. கம்பத்தில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. பாய்ந்தான். கயிறு அவனைப் பாதியில் நிறுத்தியது, பாதி உடம்பு வெளியே தொங்கியது, சம்பான் அந்தப் பக்கமே சாய்ந்து கவிழ்ந்தது. நான் மேலே வந்தேன், அவன் வரவில்லை. கயிறு அவனைப் படகுக்கு அடியில் பிடித்து வைத்திருந்தது. இடுப்பில் கத்தி இருந்தது, அறுத்தேன். அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் ராத்திரியில் சில நேரம் நினைப்பேன். வீட்டுக்கு வந்து மழையில் நனைந்துவிட்டோம் என்றேன். அம்மா துண்டை நீட்டினாள், வெளியே பளிச்சென்று வெயில். அம்மா இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டால் படகின் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல்.

நான் விழுந்த தண்ணீர் குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது. அங்கே அப்படி இல்லை. ஜூன் மாதத்திலேயே உங்கள் ஏரியில் கால் வைத்து, சுட்டதுபோல் எடுத்தவன் நான். உங்கள் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கீஸ்பிரெக்ட் என்கிற பேராசிரியர், உறைபனித் தண்ணீரில் தானே இறங்கி ஆராய்ச்சி செய்தவர், ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்த முதல் நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். மிதந்துகொண்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரமும். ஆகவே உன் ஜாக்கெட் படகில் கிடக்கக்கூடாது, உன் உடம்பில் இருக்கவேண்டும், பொத்தான் போட்டு. விசில் அதிலேயே தொங்கட்டும். மே மாதம் வெயிலைப் பார்த்து ஏமாறாதே. கரையை ஒட்டியே போ, காலையிலேயே போய்க் காற்று கிளம்புமுன் திரும்பு.

உனக்காக ஒரு துடுப்பு செதுக்க ஆரம்பித்துவிட்டேன். நியாத்தோ பலகை, நல்ல நேரான ரேகை. தம்பி ஜூனில் வரும்போது கொண்டுவருவான், விமானத்தில் எப்படி ஏற்றுவது என்பது அவன் பாடு. எனக்கு ஒரே ஒரு அளவு வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உட்காரும் பலகையிலிருந்து உன் மூக்கு வரை எத்தனை அங்குலம் என்று பார்த்து எழுது. தனியாக அளப்பது கஷ்டம். சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, மூக்குக்கு நேரே பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டுக்கொள், பிறகு எழுந்து அளந்துகொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா