கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ஸ்டூடியோ

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய பதிவை மூன்று தடவை கேட்டுவிட்டேன். நீ மந்திர ஸ்தாயியில் இழுக்கிற இடத்தில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் அரை வினாடி ஒன்றுமே இல்லை, திரும்பவும் வருகிறது. மைக் கேபிள் கோளாறென்றால் குரல் மட்டும்தான் அறுபடும். இங்கே குரலும் வீணையும் சேர்ந்து போகின்றன. மைக்கையும் வீணையையும் லேப்டாப்போடு இணைக்கிற உன் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியின் யூஎஸ்பி கேபிளை அசைத்தால் அதன் விளக்கு அணைந்து எரிகிறது, வேறு கேபிள் போட்டாலும் அப்படித்தான் என்கிறாய். அப்படியானால் உள்ளே அந்த சாக்கெட்டின் கால் போர்டில் ஈயம் விட்டிருக்கும். சர்வீஸ் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் போர்டையே மாற்றணும் என்று பெட்டி விலைக்குக் கிட்ட ஒரு தொகை சொன்னார்களே, அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். சரி, ரப்பர் பேண்டால் கேபிளைக் கட்டிவைத்து நீ பாடம் பதிவு செய்ய வேண்டாம், புதிது வாங்கிவிடு.

ஆனால் உன் பட்டியலில் எட்டு இன்புட் பெட்டியை முதலில் போட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணம்மா. நீ பதிவு செய்வது ஒரு குரல், ஒரு வீணை. எப்போதாவது வீணைக்கு, அதன் உடம்பில் ஒட்டிவைக்கிற கான்டாக்ட் மைக்கோடு இன்னொரு மைக்கும் வைத்துப் பார்ப்பாய், அதற்கு மேல் இல்லை. இரண்டு இன்புட் போதும், அந்த இரண்டும் நன்றாக இருக்கட்டும்.

டப்பிங் தியேட்டரில் இருபத்தேழு வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மேலே போவார், ஊசி சிவப்பைத் தொடுவதற்குள் என் விரல் ஃபேடரை இறக்கியிருக்கும். உனக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. மடியில் வீணையை வைத்துக்கொண்டு லெவலையும் நீயேதான் பார்க்க வேண்டும், கமகத்தில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று அழுத்தி ஒரு மீட்டு மீட்டினால் பீக் அடித்து, அதாவது லெவல் எல்லை மீறி ஒலி உடைந்து, அந்த டேக்கே போய்விடும். அதனால்தான் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறைப் பெட்டியைச் சொல்கிறேன். 2023இல் வந்தது. சிறிது நேரம் வாசித்துக் காட்டினால் அதுவே கெயினை, அதாவது மைக்கில் வருவதை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை, வைத்துக்கொள்ளும், லெவல் மீறப் போனால் தானே குறைக்கும். அதே வரிசையில் இருக்கும் சோலோ விலை குறைவுதான், ஆனால் இந்த இரண்டு வசதியும் அதில் கிடையாது, மைக் இன்புட்டும் ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தெருச் சத்தம் அதிகம் விழாமலிருக்க ஷ்யூர் எஸ்எம்7பி மைக் வாங்கலாம் என்று போன மாதம் கேட்டாயே, அதற்கு 60 டெசிபல் கெயினாவது வேண்டும். சோலோவில் 57தான், 2ஐ2வில் 69 இருக்கிறது. கெயின் போதாமல் கடைசி வரை திருகினால் குரலோடு இரைச்சலும் ஏறும்.

கான்டாக்ட் மைக்கை எக்காரணம் கொண்டும் மைக் இன்புட்டில் போடாதே. இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதிய ஓட்டையில் போட்டு, அந்த சுவிட்சையும் போடு. நீ மார்ச்சில் அனுப்பிய பதிவில் வீணை தகர டப்பா மாதிரி ஒலித்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கான்டாக்ட் மைக்குக்குள் இருக்கும் பீசோ சில்லுக்கு, செருகும் இன்புட்டில் ஒரு மெகாஓம் அளவில் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) இல்லையென்றால் அடிநாதம் முதலில் கரைந்துவிடும், நகம் தட்டுவதுதான் மிஞ்சும்.

மோட்டூ எம்2 பெட்டியையும் பார். அதில் தானாக கெயின் வைக்கிற வேலை இல்லை, ஆனால் முகப்பில் சின்னத் திரையில் லெவல் கலரில் தெரியும், தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த இரண்டில் எது கைக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம்.

சாம்பிள் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது, 192 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று தேடாதே. பாடமெல்லாம் வீடியோவாகப் போகிறது, 24 பிட், 48 போதும். 192இல் ஃபைல் நான்கு மடங்கு ஆகும், உன் லேப்டாப் திணறும். சுருதி டிராக்கைக் கேட்டுக்கொண்டு பாடும்போது உன் குரல் கொஞ்சம் தள்ளி வருகிறது என்றாயே, 48இல் பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள்களை, 128 என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி வினாடி, போக வர இரண்டையும் சேர்த்துப் பெட்டியின் தாமதத்தையும் கூட்டினால் காதுக்குத் தெரியத்தான் தெரியும். லேப்டாப்பைச் சுற்றி வராமல் பெட்டியிலிருந்தே குரலைக் காதுக்குத் தரும் டைரக்ட் மானிட்டரைப் போட்டுக்கொள், சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடு, இல்லாவிட்டால் உன் குரலே இரண்டாகக் கேட்கும்.

வாங்குவதற்கு முன் உன் விண்டோஸுக்கு, தாமதத்தைக் குறைத்துப் பெட்டியை லேப்டாப்போடு பேசவைக்கும் ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று கம்பெனி தளத்திலேயே பார். யூஎஸ்பிக்குப் பதில் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பில் ஓடும் என் பெட்டி இன்றும் நல்ல நிலையில் பரணில் இருக்கிறது, அதைச் செருகத்தான் லேப்டாப் இல்லை.

பெட்டி வந்ததும் வீணையை எடுக்காதே. மைக்கை மாட்டி, நீ பாடுகிற அளவுக்கு கெயினை வைத்து, ஃபேனை அணைத்து, வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு இன்னொரு நிமிடம். இரண்டையும் எம்பி3 ஆக்காமல் அப்படியே அனுப்பு, ராத்திரி வீடு அடங்கியதும் ஹெட்போனில் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா