கோணத்தைக் கிளாம்ப் பார்த்துக்கொள்ளும்

கோயம்புத்தூர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மாப்ள,

கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒதுங்காமல் நாலு பக்கம் எழுதினாயே, அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள். தங்கச்சி சொன்னால் நீ கேட்க மாட்டாய், நான் சொன்னதாக வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் யார் தமிழ் தப்பாகப் பேசினாலும் திருத்துகிறாள். எனக்கு முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

அது கிடக்கட்டும். பையன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த கத்தி தீட்டும் செட் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது என்றும், "பிட்டர் வேலையிலேயே தலை நரைத்தவனுக்குக் கத்தியைப் பிடிக்க ஒரு கிளாம்பா?" என்றும் எழுதியிருக்கிறாய். உன் ரோஷம் புரிகிறது, ஆனால் நியாயமாகப் படவில்லை. ட்ரில் பிட்டின் 118 டிகிரி முனைக் கோணத்தைக் கையிலேயே பிடித்துத் தீட்டுகிற ஆட்கள் நம் டூல் ரூமில் இருந்தார்கள். அவர்களும் கேஜ் வைத்துப் பார்க்காமல் மெஷினில் மாட்டியதில்லை. ஒரே மாதிரி நூறு பீஸில் ஓட்டை போட வேண்டுமென்றால் ட்ரில் இடம் மாறாமல் இறங்க முதலில் ஒரு ஜிக் செய்வோம். அங்கே யாரும் வெட்கப்படவில்லை. சமையலறைக்கு வந்ததும் மட்டும் உனக்கு எங்கிருந்து கௌரவம் வந்தது?

நானும் இரண்டு வருஷமாக ஒன்று வைத்திருக்கிறேன். நீ சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் உன்னுடையதும் லான்ஸ்கி வகைதான். ஆர்தர் லான்ஸ்கி லெவின் என்பவர் 1979-ல் தொடங்கிய கம்பெனி; நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ ஊர். அமைப்பு ரொம்ப எளிது. கத்தியின் முதுகைக் கவ்வ இரண்டு அலுமினியத் தாடை. அதன் பின்பக்கம் மேலும் கீழும் விரிந்த ஒரு சட்டம், அதில் 17, 20, 25, 30 டிகிரி என்று எண் போட்ட ஓட்டைகள். சின்னச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. கம்பியை ஓட்டைக்குள் நுழைத்துவிட்டால் கல் நினைத்தபடி எழும்பவோ தாழவோ முடியாது. சிவப்புப் பிடி போட்டது கரகரப்பான 120, பச்சை 280, நீலம் 600; எண் கூடக் கூடக் கல் நைஸ். பெரிய செட் என்றால் கறுப்பும் மஞ்சளும் சேர்ந்து வரும்.

இது ஒன்றுதான் வழி என்றில்லை. ஒரகான் மாநிலத்தில் பென் டேல் உண்டாக்கிய எட்ஜ் புரோவில் கிளாம்பே கிடையாது. கத்தியை ஒரு சின்ன மேடையில் படுக்கவைத்து ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். விக்கெட் எட்ஜில் கத்தி செங்குத்தாக நிற்கும், இரண்டு பக்கமும் இரண்டு கல் மாறி மாறி ஏறும். விலையைக் கேட்டுவிட்டு நான் பெருமூச்சோடு நகர்ந்துவிட்டேன்.

இப்போது உனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், கணக்கு. ஓட்டையில் 20 என்று அடித்திருப்பதை அப்படியே நம்பாதே. கத்தி தாடையை விட்டு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். ஒரு உதாரணத்துக்கு, ஓட்டையிலிருந்து விளிம்பு 10 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது 20 டிகிரி வருகிறது என்று வை. அப்போது கத்தியின் மட்டத்திலிருந்து ஓட்டையின் உயரம் 3.64 செ.மீ. அதே உயரத்தில், அகலமான காய்கறிக் கத்தியைப் போட்டு விளிம்பு 12 செ.மீ.க்குப் போய்விட்டால் கோணம் 17-க்குக் கீழே இறங்கிவிடும். கோணக் கணக்குக்கான டான் (tan) டேபிளை எடுத்துப் பார், சரியாக இருக்கும். அதனால் எண்ணை விட, ஒவ்வொரு தடவையும் கத்தியை அதே இடத்தில் அதே ஆழத்தில் பிடிப்பதுதான் முக்கியம். நான் ஒவ்வொரு கத்திக்கும் எந்த இடத்தில் பிடித்தேன், எந்த ஓட்டை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். உன் அண்ணி அதைப் பார்த்துவிட்டு "கத்திக்கெல்லாம் ஜாதகமா?" என்று சிரித்தாள்.

இன்னொன்று. கிளாம்பிலிருந்து தள்ளிப் போகப் போகக் கம்பி நீளுகிறது, ஆகவே கத்தியின் கோடியில் கோணம் குறைந்துவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கேட்டால் சரி போலத்தான் இருக்கும். ஆனால் விளிம்பு நேராக இருக்கும் வரை கோணம் மாறவே மாறாது. யோசித்துப் பார்: ஓட்டை ஒரு புள்ளி, விளிம்பு ஒரு நேர்கோடு. ஒரு கோட்டுக்கும் அதற்கு வெளியே இருக்கும் ஒரு புள்ளிக்கும் பொதுவாக ஒரே ஒரு தளம்தான் உண்டு. கம்பி ஓட்டைக்குள் லேசாகத் திரும்ப இடம் இருப்பதால் கல் விளிம்பில் படிந்து அந்தத் தளத்திலேயே கிடக்கிறது. கைப்பிடிப் பக்கம் தேய்த்தாலும் நடுவில் தேய்த்தாலும் தளம் அதேதான்.

மாறுவது வளைவில். நுனிப்பக்கம் விளிம்பு மேலே திரும்பத் தொடங்கியதும் கோடு மாறுகிறது, தளமும் மாறுகிறது. கைப்பிடியை ஒட்டிக் கிளாம்பைப் போட்டால் நுனியில் கோணம் குறைந்து அங்கே பட்டை, அதாவது கல் தேய்த்த சரிவு, மட்டும் அகலமாகிவிடும். நுனிக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டால் தலைகீழ், நுனி தடித்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டாம். விளிம்பின் பட்டை முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு அடி. நைஸ் கல்லை எடுத்து, அழுத்தாமல் இரண்டே இழுப்பு. மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார். பட்டையின் முதுகுப் பக்க ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் உன் கோணம் கத்தியில் ஏற்கெனவே இருப்பதைவிடக் குறைவு. வெட்டுகிற விளிம்பை ஒட்டி மட்டும் அழிந்திருந்தால் அதிகம். நேர்ப்பகுதியிலும் வளைவிலும் ஒரே மாதிரி அழிகிற வரை கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. ஐந்து நிமிஷ வேலை. உன் புதுக் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

கம்பியை மாட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். கல்லைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, கம்பியும் அதே மட்டத்தில் படுத்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். ஒரு கம்பி தூக்கிக்கொண்டிருந்தால் சிவப்புக் கல் ஒரு கோணம், பச்சைக் கல் இன்னொரு கோணம் என்று ஆகி, கரகரப்பான கல் போட்ட கோடுகளை அடுத்த கல் தொடவே தொடாது. தாடைக்குள் போகும் இடத்தில் கத்தி முதுகில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. வழுக்காது, கீறலும் விழாது. முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சரிவாக மெலிந்து வரும் கத்திகளைத் தாடை சரியாகக் கவ்வாது, ஒரு பக்கமாகச் சாயும். அவற்றுக்கு டேப் இல்லாமல் முடியாது.

இவ்வளவும் செய்தாலும் கிளாம்ப் உனக்குத் தருவது கோணம் ஒன்றைத்தான் மாப்ள. கத்தி கூராகிவிட்டதா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, இரண்டு பட்டையும் சந்திக்கிற இடத்துக்கு வந்ததும், இரும்பு நுண்ணிய பிசிறாக மறுபக்கம் மடிந்து நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி இறக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே வழித்தால் தட்டுப்படும். விளிம்போடு சேர்ந்து விரலை ஓட்டிவிடாதே, அப்புறம் தையல் போட வேண்டியிருக்கும். பஞ்சை எடுத்து லேசாக வழித்தாலும் தெரியும், பிசிறு இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். அடியிலிருந்து நுனி வரை இடைவெளி இல்லாமல் பிசிறு வந்தால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். இருபது இழுப்பு, முப்பது இழுப்பு என்று எண்ணி வைத்துக்கொண்டு திருப்புகிறவர்கள் பாதியில் விடுகிறார்கள். பளபளப்பு வந்துவிடுகிறது, தக்காளித் தோலில் வைத்தால் வழுக்குகிறது. பழி கல்லின் மேல் விழுகிறது.

இரண்டு பக்கமும் பிசிறு எடுத்தபிறகு அடுத்த கல்லுக்குப் போ. மேலே போகப் போக அழுத்தத்தைக் குறை. கடைசிக் கல்லில் கல்லின் சொந்த எடை போதும். ஒரு பக்கம் ஒரு இழுப்பு, மறுபக்கம் ஒரு இழுப்பு என்று மாறி மாறி. அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம், நாம் சின்ன வயதில் சலூனில் பார்த்த அதே இழுப்புதான். இங்கேதான் உன் பிட்டர் கை வேலைக்கு வருகிறது. ஃபைல் போடும்போது இரும்பு கடிக்கிறதா வழுக்குகிறதா என்று உள்ளங்கையிலேயே தெரியுமே, அந்தக் கைக்குக் கிளாம்பால் ஒரு குறையும் வந்துவிடாது. மணிக்கட்டு இனி கோணத்தைக் காவல் காக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். வெளிப்படையாகச் சொன்னால், நம் வயதில் மணிக்கட்டு அந்தக் காவலை ஒழுங்காகப் பார்ப்பதும் இல்லை.

எண்ணெய் கேட்டிருந்தாய். தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு போதும். சமையல் எண்ணெய் விடாதே, நாளாக ஆகப் பிசுக்காகிக் கல் அடைத்துக்கொள்ளும். உன் செட்டில் இருப்பது வைரத் துகள் ஒட்டிய தகடுகள் என்றால் எண்ணெயே வேண்டாம், தண்ணீர் போதும். தீட்டி முடித்ததும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் சமையல் மேடையில் வைக்க வேண்டும். அந்தக் கறுப்புச் சேறு முழுக்க இரும்புத்தூள்.

எந்தக் கோணம்? வீட்டு ஸ்டீல் கத்திகளுக்கு 20-ம் 25-ம் போதும். உன் மருமகள் வைத்திருக்கும் ஜப்பான் கத்தியின் இரும்பு கெட்டி, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் போகும். மெல்லிய கோணத்தைத் தாங்கும், 17-ல் வைக்கலாம். கடையில் வாங்கும் மலிவுக் கத்தியை 17-ல் தீட்டினால் முதல் நாள் பேப்பரை வெட்டும், இரண்டு நாளில் விளிம்பு மடங்கிவிடும். 30-ஐ அட்டைப்பெட்டி, கயிறு அறுக்கிற முரட்டுக் கத்திக்கு வைத்துக்கொள். அரிவாள்மனையைக் கிளாம்பில் மாட்டப் பார்க்காதே. வளைவும் ஒத்துவராது, கட்டையோடு அதைக் கவ்வவும் முடியாது. தேங்காய் வெட்டும் அரிவாளும் அப்படியே. அவற்றுக்குக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. ரொம்ப நீளமான கத்தியானால் பாதிப் பாதியாக இரண்டு இடத்தில் பிடித்துத் தீட்ட வேண்டும். சேருமிடத்தில் பட்டை ஒன்றுபோல வருவதற்கு அந்த மார்க்கர் பேனாவே துணை.

சைக்கிளில் சாணை பிடித்து வருபவர் எங்கள் தெருவுக்கு இப்போதும் எப்போதாவது வருகிறார். அரிவாள்மனையை அவரிடம்தான் கொடுக்கிறேன். பெடல் மிதித்து ஓட்டுகிற சக்கரத்தில் அவர் கை பார்த்து ஓட்டுவார், இரும்பு கெடாது. மோட்டார் வைத்த உலர்ந்த சாணையில் அழுத்திப் பிடிக்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம். விளிம்பு நீலம் ஓடிவிட்டால் 300 டிகிரி செல்ஷியஸ் பக்கம் சூடேறிவிட்டது என்று உனக்கே தெரியும். அப்புறம் அந்த இடத்தில் டெம்பர் போய் இரும்பு இளகி, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கிளாம்பில் கையால் தேய்ப்பதில் அந்தத் தொல்லை இல்லை. நேரம்தான் ஆகும். முதல் தடவை பழைய கோணத்தை மாற்றி எடுக்க ஒரு கத்திக்கு முக்கால் மணி நேரம்கூடப் போகலாம். அடுத்த தடவை நீலக் கல்லிலேயே வேலை முடிந்துவிடும். கையில் பிடித்துச் செய்தால் தோள் வலிக்கும். மேசையில் பொருத்துகிற ஸ்டாண்டு தனியாக விற்கிறார்கள், அதை முதலிலேயே வாங்கிவிடு. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் நகல்களைத் தவிர். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று வாங்கினார், தாடை ஸ்க்ரூவின் மரை ஒரு மாதத்தில் வழுக்கிவிட்டது.

கத்திகள் சரியானதிலிருந்து உன் அண்ணிக்கு வெங்காயம் நறுக்கும்போது கண் அவ்வளவு எரிவதில்லையாம். கூரான விளிம்பு வெங்காயத்தை நசுக்காமல் அறுத்துக்கொண்டு போவதால் சாறு அவ்வளவாகத் தெறிப்பதில்லை. ஆனால் அவள் கை இன்னும் மொக்கைக் கத்திக்குப் பழகிய வேகத்தில் அழுத்துகிறது. பார்க்க எனக்கு நெஞ்சு படபடக்கிறது, சொன்னால் சண்டை வருகிறது. தங்கச்சியிடம் நீ முன்கூட்டியே சொல்லிவிடு.

ஐடிஐ பசங்க எல்லாரும் தை மாதம் திருச்சியில் கூடலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஒரு மண்டபத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம், சாப்பாடு யார் பொறுப்பு என்பதில்தான் இன்னும் இழுபறி. உன் டாக்டர் அதற்குள் வெளியே போகலாம் என்று சொல்லிவிடுவாரா? நீ வருவதாக இருந்தால்தான் நான் ரயில் டிக்கெட் போடுவேன். கீழ் பெர்த் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, இந்த வாரத்துக்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் மாப்ள