உழவாரன் இன்னும் வரவில்லை

செல்போர்ன், ஹாம்ப்ஷயர்
2025 மே 4

அன்பு மகனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஐந்து நிமிடம் கதைத்தாய். மழை பெய்ததா என்று கேட்டாய், முழங்காலைக் கேட்டாய், "இங்கே எல்லாம் நல்லம் அம்மா" என்றாய். உனக்குப் பின்னால் வீடு சத்தமில்லாமல் இருந்தது. முன்பெல்லாம் குசினிப் பக்கமிருந்து "மாமி, சுகமா?" என்று ஒரு குரல் வரும். தைப்பொங்கலுக்குப் பிறகு அதைக் கேட்கவில்லை. வேலை நேரம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றிக் கேட்க நான் இதை எழுதவில்லை. படங்களைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் அனுப்பினால் ஒரு பெருவிரலை மட்டும் திருப்பி அனுப்புகிறாய். அது நீ பார்த்ததற்கு அடையாளமா, பாராததற்கு அடையாளமா என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் பஸ் ஏறி ஆல்டனுக்குப் போய், பதினொரு படங்களைக் கடதாசியில் எடுத்து வந்தேன். கையில் வைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார். எல்லாம் உன் பழைய கமராவில் எடுத்தவை. அலுமாரியின் மேல் தட்டில் நீ விட்டுப் போனதுதான். பற்றரி மட்டும் புதிது.

இந்த முறை வசந்தம் முந்திவிட்டது. மார்ச் மாதம் முழுக்க வெயில். பதிவு தொடங்கிய 1910இலிருந்து இங்கிலாந்தில் இவ்வளவு வெயில் அடித்த மார்ச் இல்லையாம். வேலிகளில் பிளாக்தோர்ன் வெள்ளை வெளேரென்று பூத்தது. இலை வருமுன்னே பூப்பது அது, இலை விட்ட பிறகு பூப்பது ஹோதோர்ன் என்று எனக்குச் சொல்லித் தந்தது நீதான். எத்தனை தரம் சொன்னாய், நான் எத்தனை தரம் மறந்தேன்! இப்போது மறப்பதில்லை.

மூன்றாவது, நான்காவது படங்கள் புளூபெல் பூக்கள். காலை ஆறு மணிக்கே காட்டுக்குள் போய்விட்டேன். வெயில் பட்டால் கமரா அந்த நீலத்தை ஊதாவாக்கிவிடும், மேகம் மூடும்வரை பொறுத்திரு என்று பதினாலு வயதில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? பொறுத்திருந்தேன். நிறம் சரியாக வந்திருக்கிறது, பார். பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்கவில்லை. இலை மிதிபட்டால் அடுத்த ஆண்டுக்கு வேண்டிய சாப்பாட்டைக் கிழங்கினால் சேர்த்துவைக்க முடியாது. மிதித்த இடம் மீள ஆண்டுக்கணக்காகும். மேலே பீச் மரங்கள் இலை விட்டு மூடிக்கொண்டால் கீழே வெளிச்சம் போய்விடும். அதற்கு முன்னே அது முளைத்து, பூத்து, வேண்டியதைச் சேர்த்து முடித்துவிட வேண்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கண் சொக்கினால் வாகனத்தை ஓரத்தில் நிறுத்து.

ஆறாவது படத்தை ஆறுதலாகப் பார். ஓடைக்கரையில் குக்கூஃப்ளவர் என்ற வெளிர் ஊதாப் பூ. பூக்காம்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறதா? அது ஆரஞ்சுடிப் வண்ணத்துப்பூச்சியின் முட்டை. வைக்கும்போது வெளிறி இருக்கும். சில நாளில் இந்த நிறத்துக்கு வரும். ஒரு செடியில் பெரும்பாலும் ஒரு முட்டைதான் வைக்கும். இரண்டு இருந்தால் ஒரு புழு மற்றதைத் தின்றுவிடும் என்பதால் தாய் இடம் பார்த்துப் பார்த்து வைக்கிறது. ஈரப் புல்லில் முழங்கால் ஊன்றி முக்கால் மணி நேரம் இருந்தேன். காற்று நின்றால்தானே எடுக்கலாம். உன் கண் எனக்கு வந்துவிட்டது என்று அப்பா இருந்தால் சொல்லியிருப்பார். உன் கண் நல்ல கண். பள்ளிக்கூடத்தில் உன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சோதனைக்குப் படி என்றுதான் சொன்னேன். அன்று இரவு அப்பாவிடம் நூறு தரம் சொன்னேன்.

அப்பாவின் பாதையில் இப்போது பாதிதான் ஏறுகிறேன். இந்த ஊரில் இருந்த இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட்டும் அவருடைய தம்பியும் 1753இல் வெட்டிய அந்த வளைவுப் பாதையில் மூன்றாவது திருப்பத்தில் நின்றாலே சிஃப்சாஃப் குருவி கத்துவது கேட்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் மூன்று சிறு குருவிகளை, சத்தத்தைக் கேட்டே மூன்று வெவ்வேறு இனம் என்று கண்டுபிடித்த மனிதர் அந்த வைட்தான். அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லுவார். உன் சத்தத்தைக் கேட்டே எனக்கும் தெரியும், மகன். "நல்லம்" என்பதில் எத்தனை வகை இருக்கிறதோ அத்தனையும் தெரியும்.

இனி உழவாரன் குருவிகள். அவை இன்னும் வரவில்லை. மே முதல் கிழமையில் வரவேண்டும். பின்னேரங்களில் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மம்மா வீட்டில் பனை ஓலைக்குள் கூடு கட்டும் பனை உழவாரனைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் 1990 ஜனவரியில் இங்கே வந்து, அந்த மாதமே புயலில் தேவாலயத்து யூ மரம் விழுந்து, இது எப்படிப்பட்ட ஊர் என்று பயந்துபோயிருந்த எனக்கு, மே மாதம் எங்கள் தாழ்வாரத்தில் உழவாரன் புகுந்ததும் ஊர் பிடித்துப்போனது. அப்படிப் பிடித்த நானேதான் 2003இல் கூரை வேலை செய்தபோது, சுவரில் எச்சம் வழிகிறது என்று சொல்லி அந்த இடுக்குகளைப் பூசச் சொன்னேன். கொங்கோ வரை போய் வந்த பறவை அதே துளையைத் தேடி வந்து பூச்சுச் சுவரில் மோதியது. நீ ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். "வேறு இடம் பார்க்கும்" என்று சொல்லி உன்னை உள்ளே கூப்பிட்டேன். 2021இல் உழவாரனைப் பிரித்தானியாவில் மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது தாழ்வாரத்தின் கீழ் மூன்று பெட்டிகள் பூட்டியிருக்கிறேன். கிடையான சிறு வாசல், ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் உயரம். உன் அறை யன்னலில் ஒலிபெருக்கி வைத்து, காலையும் மாலையும் அவற்றின் கீச்சொலியைப் போடுகிறேன். கேட்டு வரும் என்கிறார்கள். ஒரே ஆண்டில் வராமல் போகலாமாம். நான் அடுத்த ஆண்டும் போடுவேன்.

பதினொரு படம் என்று சொன்னேன். பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது. அது இந்த ஆண்டு எடுத்ததல்ல.

2018 ஏப்ரல் கடைசியில் நீ அவளை முதல் தடவை கூட்டிவருவதாகச் சொன்ன நாள். நீங்கள் வந்து போகும்வரை நான் வீட்டில் இல்லை. "நல்ல வெளிச்சம், புளூபெல் எடுக்கப் போய் நேரம் போனதே தெரியவில்லை" என்று மறுநாள் போனில் சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அன்று வெளிச்சமே இல்லை, மகன். விடியற்காலையிலிருந்து மழை. நான் மேலே சரிவில் ஒரு பீச் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் வந்ததைப் பார்த்தேன். அந்த லென்ஸுக்கு அது எட்டாது என்று தெரிந்தும் ஒரு படம் எடுத்தேன். ஒரு சிவப்புக் குடை, அதன் கீழ் இரண்டு பேர், திறக்காத கதவு. அப்பா வந்து திறக்க எவ்வளவு நேரமெடுத்தார் என்று எனக்குத் தெரியும். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகும் இறங்கி வரவில்லை. ஐந்து மணிக்கு நீங்கள் போன பிறகுதான் வந்தேன். அவள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டி மேசையில் இருந்தது. அதை மூன்று நாள் தொடவில்லை.

அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அப்பா போனபின் வந்த எட்டுச் செலவன்று விடிய நான்கு மணிக்கு எழும்பி, இருபது பேருக்கு அவள் தனியாகச் சமைத்தாள். அப்போதும் நான் "நல்ல பிள்ளை" என்று உன்னிடம்தான் சொன்னேன், அவளிடம் சொல்லவில்லை. உங்கள் இருவருக்குள் ஏதாவது என்றால், அதில் அந்த நாளின் பங்கு எவ்வளவு என்று நான் இரவில் கணக்குப் பார்க்கிறேன். கேட்க மாட்டேன் என்று எழுதத் தொடங்கியவள் கேட்டுவிட்டேன். கோபிக்காதே. பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

அந்தப் பன்னிரண்டாவது படம் தனி உறைக்குள் இருக்கிறது, ஒட்டியிருக்கிறேன். அது அவளுக்கு. உள்ளே நான்கு வரி எழுதியிருக்கிறேன். நீ திறக்க வேண்டாம். அவள் வீட்டில் இருந்தால் கையில் கொடு. இல்லையென்றால் எங்கே இருக்கிறாளோ அந்த விலாசத்துக்கு அனுப்பிவிடு. முத்திரைக் காசு எவ்வளவு என்று சொல், நான் போட்டுவிடுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் படு.

அன்புடன்,
அம்மா