செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஓப்பன் வேர்ல்டு ரோல்பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாக மாறி, பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றி ஆடும் வீடியோ கேம்) ஆடுபவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பேசுவது என்ற ஒரே விதியோடு தொடங்கிய சங்கம் இது. கனமழை பெய்த ஒரு மாதம் தவிர மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புரொஜெக்டர் பல்பு விவகாரத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 2025-இல் 'ஆப்ளிவியன்' என்ற பழைய கேம் புது மெருகோடு மறுபடி வந்ததுதான் இந்த ஆண்டின் பேச்சையே தீர்மானித்தது. 2006-இல் அதைக் கரைத்துக் குடித்தவர்களும், அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் ஒரே மாதத்தில் ஒரே கேமை ஆடினார்கள். உடனே பழைய வழக்கு ஒன்று மறுவிசாரணைக்கு வந்தது: போக வேண்டிய இடத்தைக் கேமே குறியிட்டுக் காட்டலாமா, கூடாதா?

அதே தொடரில் ஆப்ளிவியனுக்கு முந்தைய கேமான 'மாரோவிண்ட்' (2002) காட்டாது. ஆளைக் கேட்டு, அவர் சொன்ன ஆறு, பாலம், பாதை பிரியும் இடம் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் படித்துப் படித்து நடக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போவதற்கு சில்ட் ஸ்டிரைடர் என்ற ராட்சதப் பூச்சியின் முதுகில் காசு கொடுத்து ஏறலாம். அது எல்லா ஊருக்கும் போகாது. சில ஊருக்குப் படகு, சில ஊருக்கு மந்திரவாதிகள் சங்கத்துக்குப் போய் அங்கிருந்து மந்திரத்தால் ஒரு தாவல். எங்கே இறங்கி எங்கே மாறுவது என்று பஸ் ரூட் மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். ஆப்ளிவியனில் திசைகாட்டியில் குறி வந்தது. பெரிய நகரங்களுக்கு வரைபடத்தைத் தொட்டாலே போய்விடலாம் என்றும் ஆனது.

நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அன்றோடு எல்லாம் போயிற்று. வங்கியில் வேலை பார்க்கும் தோழியோ, பிள்ளைகள் தூங்கிய பிறகு தனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் ஒரு குகை வாசலைத் தேட முடியாது என்றார். மாரோவிண்டில் சிலர் சொல்லும் திசையே தப்பு என்பதையும் நினைவுபடுத்தினார். அதுவும் உண்மைதான். (நாம் கூடும் மாடிக்கு நான் அனுப்பும் கூகுள் மேப் குறி பின்தெருவில் போய் விழுகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் டீக்கடையில் கேட்டுத்தான் வந்து சேர்கிறார்கள். இதை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன.)

சண்டையைத் தீர்க்க ஆகஸ்ட்டில் ஒரு சோதனை வைத்தேன். அதே தொடரில் ஆப்ளிவியனுக்கு அடுத்து வந்த 'ஸ்கைரிம்' (2011) கேமில் குவெஸ்ட் குறிகளை, அதாவது கேம் நமக்குத் தரும் வேலைக்கு இடம் காட்டும் குறிகளை, அணைத்துவிட்டு ஆட வேண்டும். தொடக்கத்தில் அருமையாக இருந்தது. ரிவர்வுட் என்ற ஊரின் கடைக்காரரின் சகோதரி ஊர்க்கோடி வரை கூடவே வந்து, மலைமேல் இருக்கும் பாழடைந்த இடத்துக்கு வழி சொல்லி அனுப்புவாள். அப்புறம் அப்படி ஆளே கிடையாது. பல வேலைகளில் குகையின் பெயர் மட்டும் வரும், அது கிழக்கா மேற்கா என்று சொல்ல யாரும் இல்லை. சில வேலைகளுக்கு இடத்தைக் கேமே அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கிறது. எந்தக் குகை என்று எழுதியவருக்கே தெரியாதபோது அவர் எப்படி வழி எழுதி வைப்பார்? போதாக்குறைக்கு ஆப்ளிவியனிலிருந்து எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள். மாரோவிண்டில் வழி சொல்வது எழுத்தில் நாலு வரி, அவ்வளவுதான். குரல் என்றால் ஒவ்வொரு வரிக்கும் பதிவுச் செலவு.

ஆகவே செயலாளர் என்ற முறையில் இல்லாமல், ஆடுகிறவன் என்ற முறையில் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். குறி இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. குறி வந்தவுடன் வழி எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், வருத்தம் அதில்தான். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும் என்று சொல்வதற்கு, அணைத்த பிறகு அடியில் ஏதாவது இருக்க வேண்டும். மூத்த உறுப்பினர் இதையும் ஏற்கவில்லை. வாக்கெடுப்பு நடத்தவில்லை, நடத்தியிருந்தால் சங்கம் இரண்டாகியிருக்கும்.

நாம் வளர வளர எதிரிகளும் வளர்வது பற்றி மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினோம். ஆப்ளிவியனில் நம் லெவல் ஏறியதும் வழிப்பறிக்காரன் ஆயிரக்கணக்கில் விலை போகும் கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நம்மிடம் 100 காசு கேட்கிறான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் ஊரில் வீடு வாங்கலாமே! மறுவெளியீட்டில் லெவல் ஏறும் முறையைத் திருத்தினார்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள். 'எல்டன் ரிங்' (2022) என்ற வேறு கேம் பரவாயில்லை. வெளியே வந்ததும் குதிரை மேல் ஒருவன் நம்மை அடித்தே கொல்வான். ஓடிப்போய், வேறு பக்கம் சுற்றி, பலம் சேர்த்துத் திரும்பி வரும்போதும் அவன் அதே ஆள். வளர்ந்தது தெரிகிறது.

டிசம்பரில் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' கேம் பற்றிப் பேசினோம். அதில் ஆயுதங்கள் அடிக்க அடிக்க உடைந்துபோகும். ஆயுதம் உடைவது நல்லதா என்ற கேள்வியில் டீ ஆறிப்போனது. நான் நல்ல வாளையெல்லாம் பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி வைத்திருந்து, கடைசிவரை எடுக்காமலே கேமை முடித்தவன். எனவே என் சாட்சியம் செல்லாது என்று தள்ளுபடி செய்தார்கள்.

'கிங்டம் கம்' (2018) என்ற கேம் வெளிவந்தபோது, அதில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய வேண்டுமானால் ஒரு சாராயம் குடிக்க வேண்டும், அதைக் காசு கொடுத்து வாங்கவோ காய்ச்சவோ வேண்டும். சேமித்துவிட்டு வெளியேறும் வசதி பின்னால்தான் வந்தது. கரண்ட் போகும் ஊரில் அந்த வசதி எதற்கு உதவும் என்று இரண்டு மணி நேர ஆட்டத்தை இழந்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். சங்கச் செலவில் யுபிஎஸ் வாங்கலாம் என்ற அவரது தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

வரும் ஆண்டில் மாரோவிண்டை இணையத்தில் எதையும் பார்க்காமல், கையால் வரைபடம் போட்டுக்கொண்டு ஆடுவது என்று முடிவாகியிருக்கிறது. நோட்டுப் புத்தகம் அவரவரே கொண்டுவர வேண்டும். மாடியை வாடகை வாங்காமல் தரும் தையற்கடை அண்ணாச்சிக்கு நன்றி. செயலாளர் பொறுப்புக்கு யாராவது பெயர் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள், பொருளாளர் கணக்கு வாசிக்கக் காத்திருக்கிறார்.