12ஐ விட 20 சிறியது

ஐயா,

சென்ற ஞாயிறு மலரில் அமெரிக்க வான்கோழி வேட்டை பற்றி வந்த கட்டுரையில், 20 கேஜ் துப்பாக்கி 12 கேஜைவிடப் பெரியது என்று அச்சாகியிருக்கிறது. தலைகீழ்! ஒரு பவுண்டு ஈயத்தைக் குழலின் உள்ளளவுக்குச் சம உருண்டைகளாக வார்த்தால் எத்தனை தேறுமோ, அதுதான் கேஜ். 20 உருண்டை என்றால் குழல் ஒடுக்கம்தானே?

மிசூரிக்குக் குடிவந்த புதிதில் நானும் பெரிதாகவே இருக்கட்டும் என்று 12 கேஜ் வாங்கி, மூன்றரை அங்குலத் தோட்டா போட்டேன். தோள்பட்டை கன்றி ஒரு வாரம் ரவிக்கை போட முடியவில்லை. அதைவிட மோசம், அதன்பின் விசையைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொள்ளும். 25 கஜத்தில் கழுத்தை நீட்டி நின்ற வான்கோழிச் சேவலை அப்படித்தான் விட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பது 20 கேஜ், ஃபுல் சோக் (ரவை சிதறாமலிருக்கக் குழல் வாயை நன்கு ஒடுக்கும் அமைப்பு), 9ஆம் எண் அளவு டங்ஸ்டன் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் பொடிக் குண்டுகள்). ஈயத்தைவிட டங்ஸ்டன் கலவை ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. கடுகு போன்ற ரவையே போதும். விலைதான் வயிற்றெரிச்சல். குறி தலையும் கழுத்தும் என்பதால், வாங்கியதும் 40 கஜத்தில் காகிதம் கட்டி, 10 அங்குல வட்டத்துக்குள் விழும் துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். என்னுடையது முதலில் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிச் சுட்டது.

கட்டுரைப் படத்தில் இருப்பவர் சிவப்புத் தொப்பி அணிந்திருக்கிறார். சேவலின் தலை நிறமும் சிவப்பு, வெள்ளை, நீலம். புதருக்கு அப்பால் இன்னொரு வேட்டைக்காரர் இருந்தால்?

— ஒரு வாசகி, மிசூரி